பாம்பன் கரையில் கச்சேரிப் படம் போட வேண்டும், பாடகர் குரல் மட்டும் கேட்கவில்லை

வணக்கம் நண்பர்களே. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிவதற்குள் எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு படம் காட்ட வேண்டும், கொஞ்சம் உதவுங்கள்.

படம் இதுதான்: பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 1979 ஆல்பம் 'தி வால்' (சுவர்) முழுவதையும், அந்தக் குழுவில் முன்பு இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 1990 ஜூலை 21 அன்று பெர்லினில், நகரை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் திறந்து எட்டே மாதத்தில், அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்த வெற்று நிலத்திலேயே மேடை போட்டு நடத்திய கச்சேரி. பாட்டுகள் அவைதான், பாடுகிறவர்களில் பலர் வேறு. 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் பாடகர் வான் மோரிசன் குரல் முதலில் எனக்கு ஒட்டவே இல்லை, அப்புறம் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கச்சேரி நடக்க நடக்க வெள்ளைச் செங்கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பி, கடைசியில் சரிக்கிறார்கள்.

வாட்டர்ஸுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது, 1944-ல், அப்பா இத்தாலியில் போரில் இறந்துவிட்டார்; அந்த இழப்பு 'தி வால்' பாட்டுகளிலும் வருகிறது. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு, அதனால்தான் இந்தப் படம்.

நேற்று வலைக் கொட்டகையில் போட்டுப் பார்த்தேன். டிரம்ஸ் நெஞ்சில் அதிர்கிறது, பாடகர் குரலோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. டிவிடியில் 5.1 ஒலி, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி; என்னிடம் இரண்டே ஸ்பீக்கர். குரல் நடுச் சேனலில் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். அதை இரண்டு பக்கமும் கொண்டுவர கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் எங்கே மாற்ற வேண்டும்?

திரைத்துணியின் அடியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கட்டியும் காற்றில் பாய் மாதிரி புடைக்கிறது. கரையில் படம் போட்டுப் பழகிய அண்ணன்கள் யாராவது வழி சொல்லுங்கள். தமிழ் சப்டைட்டில் வைத்திருந்தாலும் கொடுங்கள்.