பிசிஆர் திறன் 113% காட்டுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி:
வணக்கம். இலையிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏவை ரியல் டைம் பிசிஆரில் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, பெருகும்போதே அளக்கும் முறை) அளக்கிறேன். சாயம் சைபர் கிரீன் (இரட்டை இழை டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும்). பிரைமர் (பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் குறுந்துண்டு) 500 நானோமோலார். 50 நானோகிராமில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்ததில் கிடைத்த சிடி மதிப்புகள் (சமிக்ஞை வரம்பைத் தாண்டும் சுழற்சி எண்): 19.6, 21.6, 24.9, 28.2, 31.5. டிஎன்ஏ அளவின் மடக்கைக்கு எதிரே சிடியை வரைந்த கோட்டின் சாய்வு −3.04, திறன் (சுழற்சிக்குச் சரியாக இரு மடங்கானால் 100%) 113% என்கிறது மென்பொருள். ஒரு சுழற்சியில் டிஎன்ஏ இரண்டு மடங்குக்கு மேல் பெருக வழியே இல்லையே! டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் குழியிலும் 37ஆம் சுழற்சியில் சமிக்ஞை எழுகிறது. பிரைமரை மாற்றிவிடலாமா?

பதில்:
பிரைமர் இப்போதைக்கு இருக்கட்டும். நீங்கள் கொடுத்த எண்களை அடுத்தடுத்துக் கழித்துப் பாருங்கள்: 2.0, 3.3, 3.3, 3.3. பத்து மடங்கு நீர்த்தால் சிடி ஏறத்தாழ 3.32 தள்ளிப்போக வேண்டும். பின் மூன்றும் சொன்னபடி கேட்கின்றன; முதல் குழிதான் 1.3 சுழற்சி தாமதமாக வந்திருக்கிறது. டிஎன்ஏவோடு ஒட்டிவந்த ஏதோ ஒன்று, டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியான பாலிமரேசைத் தடுக்கிறது. நீர்த்ததும் அதன் வீரியம் போய்விடுகிறது. அந்தப் புள்ளியை நீக்கினால் சாய்வு −3.3, திறன் 101%. 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம்; தூய்மையைக் காட்டும்) எவ்வளவு?

கேட்டவர்:
1.1. ஆனால் 260/280 ஒழுங்காக 1.8 இருந்தது.

பதில்:
260/280 பெரும்பாலும் புரதக் கலப்பைத்தான் காட்டும். இலையின் பாலிசாக்கரைடை (சர்க்கரைச் சங்கிலிகளை) அது கண்டுகொள்ளாது. 260/230 இரண்டை ஒட்டி இருக்க வேண்டும். 1.1 என்றால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொருவர்:
புள்ளியை நீக்கினால் கோடு நேராகும், கரைசல் சுத்தமாகாது. அளக்க வேண்டிய மாதிரிகளிலும் அதே கசடு இருக்கும் அல்லவா? ஒவ்வொன்றையும் 10 மடங்கு, 100 மடங்கு என இரு விதமாக நீர்த்து ஓட்டுங்கள். மடங்கால் பெருக்கிய பின் இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் தடை விலகிவிட்டது என்று கொள்ளலாம். அந்த 50 நானோகிராமையும் நம்பிவிடாதீர்கள். 260 நானோமீட்டரில் ஆர்என்ஏவும் ஒளியை உறிஞ்சும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி சேர்க்காத கரைசலில் அந்த எண் ஊதிப்போய்த்தான் இருக்கும். இரட்டை இழை டிஎன்ஏவை மட்டும் பற்றும் சாயத்தைக் கொண்டு, ஒளிர்வை அளக்கும் ஃபுளோரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

வெற்றுக் குழியின் உருகு வளைகோடு (சூடேற்றும்போது டிஎன்ஏ இழைகள் பிரியும் வெப்பநிலையைக் காட்டுவது) எப்படி இருக்கிறது?

கேட்டவர்:
மாதிரிகளில் முகடு 84 டிகிரியில், வெற்றுக் குழியில் 76இல்.

இன்னொருவர்:
அப்படியென்றால் பெரும்பாலும் பிரைமர்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டு உருவான துண்டுதான். 84இலேயே வந்திருந்தால் மாசு கலந்துவிட்டதோ என்று கவலைப்படலாம். பிரைமரை 200 நானோமோலாருக்கு இறக்கிப் பாருங்கள். உங்கள் கடைசிப் புள்ளி 31.5இல் வந்துவிடுகிறது, வெற்றுக் குழியின் 37க்கும் அதற்கும் நடுவே ஐந்து சுழற்சிக்கு மேல் இடைவெளி இருப்பதால், இந்த ஓட்டத்தின் கணக்கை அந்தத் துண்டு கெடுக்காது.