சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் எடுப்பது

வாட்ஸ்அப் குழு: எங்கள் பிள்ளைகள் (ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்), திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

கோண்டாவில் அண்ணை, இரவு 7:42
வணக்கம். சனிக்கிழமை வகுப்பில் படிப்பிக்க ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறா. ஏபிஏ என்ற நடத்தைச் சிகிச்சை படித்தவ. 40 மணித்தியால ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழும் அனுப்பியிருக்கிறா. நாளைக்கே ஓம் சொல்லவா? விட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவா.

அரியாலை தங்கச்சி, 7:44
சொல்லுங்கோ அண்ணை. ஏழு மாதமாகத் தேடுகிறோம்.

மானிப்பாய் ரீச்சர், 7:49
தமிழில் வேலை செய்வாவா? போன முறை வந்தவர் அப்பிளும் ஸ்ட்ரோபெரியும் போட்ட அட்டையைக் காட்டினார். எங்கள் சின்னவனுக்குத் தெரிந்தது கதலிப்பழம். ஒரு மணித்தியாலம் அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

கோண்டாவில் அண்ணை, 7:51
இவ ஊர்ப் பிள்ளைதான் ரீச்சர்.

நான், 7:58
அண்ணை, கோபிக்காதையுங்கோ. நாளைக்கே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் தம்பியை, என் மகனை, ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்று மாதத்தில் பேச வைப்போம் என்றார்கள். கதவைச் சாத்திவிட்டு என்னை வெளியில் இருக்கச் சொன்னார்கள். நாலாம் நாள் அவன் வெளியில் வந்தபோது இரண்டு மணிக்கட்டும் சிவந்திருந்தது. கையை ஆட்டக்கூடாது என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு வருடம், நான் அவனுடைய சப்பாத்தை எடுத்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். அவனுக்குச் சொல்லத் தெரியாது. நானாவது கேட்டிருக்க வேண்டும்.

அரியாலை தங்கச்சி, 8:01
அக்கா, இதை இவ்வளவு நாளும் சொல்லவில்லையே.

நான், 8:02
சொல்ல வாய் வரவில்லை தங்கச்சி.

ரொறொன்ரோ அக்கா, 8:15
வேலைக்கு நடுவில் பார்த்தேன். அண்ணை, அந்த 40 மணித்தியாலம், ஆர்பிடி என்ற உதவியாளர் நிலைக்கு முதல் படி மட்டும்தான். பிறகு செய்துகாட்டும் திறன் மதிப்பீடு, அதற்குப் பிறகு பரீட்சை. எல்லாம் முடித்தாலும் தனியாக வேலை செய்ய விடமாட்டார்கள். மாதத்தில் வேலை செய்யும் நேரத்தில் 5 சதவீதமாவது மேற்பார்வை இருக்க வேண்டும். 40 மணித்தியாலத்துக்கு 2 மணித்தியாலம். பிள்ளைக்குத் திட்டம் எழுதுவது மேலே உள்ள பிசிபிஏ என்ற நடத்தைப் பகுப்பாய்வாளர். அவருக்கு முதுமாணிப் பட்டம் வேண்டும், மேற்பார்வையின் கீழ் 1500 முதல் 2000 மணித்தியாலப் பயிற்சி வேண்டும், பரீட்சையும் உண்டு.

ரொறொன்ரோ அக்கா, 8:18
இந்தச் சான்றிதழ்களைக் கொடுக்கும் அமெரிக்கச் சபை 2023 தொடக்கம் இலங்கையில் இருப்பவர்களின் புது விண்ணப்பத்தை எடுப்பதில்லை. அதனால் யாராவது 'போன வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தே எடுத்தேன்' என்றால், சபையின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கோ. யாரும் பார்க்கலாம்.

மானிப்பாய் ரீச்சர், 8:21
பேச்சுச் சிகிச்சை என்றால் இலங்கை மருத்துவ சபைப் பதிவைக் கேட்கலாம். தொழில்வழிச் சிகிச்சைக்கும் அப்படித்தான்.

கோண்டாவில் அண்ணை, 8:24
அப்படிப் பார்த்தால் எங்களுக்கு ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். எனக்கு 58 வயது. எனக்குப் பிறகு மகளை யார் பார்ப்பது என்ற யோசனையில் இரவில் நித்திரை இல்லை. அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவா?

ரொறொன்ரோ அக்கா, 8:27
இல்லை அண்ணை, எடுங்கோ. உதவியாளராக எடுங்கோ. தகுதியான ஒருவர் தமிழ் தெரிந்தவராக, வீடியோவில் மேற்பார்வை செய்ய ஒத்துக்கொண்ட பிறகு வகுப்பைத் தொடங்குங்கோ. அந்தக் காசையும் இப்போதே கணக்கில் சேருங்கோ. இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில்கூட நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் 2024 யூலையில்தான் சட்டப்படி பதிவுக்குள் வந்தார்கள். அதுவரை பெற்றோர்தான் விசாரித்து விசாரித்து ஆள் எடுத்தார்கள்.

அரியாலை தங்கச்சி, 8:30
கையை ஆட்டுவதை நிறுத்துவாவா அக்கா? பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ரொறொன்ரோ அக்கா, 8:32
ஒருவருக்கும் நோகாது என்றால் ஆட்டட்டும் தங்கச்சி. தண்ணீர் வேண்டும், நோகிறது, போதும். இந்த மூன்றையும் படத்தைக் காட்டியாவது சொல்லப் பழகட்டும். அதுதான் முதல் வேலை.

நான், 8:40
நல்லவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் கொழும்பில் இருந்து வந்த ஒரு மிஸ் தம்பியைத் தொடவே இல்லை. என்னிடம் ஒரு கொப்பியைத் தந்து மூன்று நிரல் கீறச் சொன்னா. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம். பின்னேரங்களில் தலையைச் சுவரில் இடிப்பானே, அதற்காக. பத்து நாள் எழுதினேன். முதல் நிரலில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றே எழுதியிருந்தேன். மிஸ் நேரத்தைப் பார்த்தா. எல்லாம் நாலரைக்குக் கிட்ட. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ வரும் நேரம். அது பக்கத்து ஒழுங்கையில் திரும்பும்போதே அவனுக்குப் பாட்டுக் கேட்கிறது, எங்களுக்குப் படலைக்கு வந்த பிறகுதான். இப்போது காதுமூடி மேசையில் இருக்கிறது, அவனே எடுத்துப் போடுகிறான்.

மானிப்பாய் ரீச்சர், 8:44
அப்படியானால் நேர்முகத்தில் அதையே கேட்போம். பிள்ளை தலையை இடிக்கிறான், என்ன செய்வீர்கள்? அடிபடாமல் பார்த்துக்கொண்டு, 'அதற்கு முன் என்ன நடந்தது?' என்று எங்களைத் திருப்பிக் கேட்டால் அவவை விடக்கூடாது. பேச வைப்பேன், மாற்றிக் காட்டுவேன் என்று நாள் குறித்தால் வேண்டாம்.

நான், 8:45
பெற்றோர் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கோண்டாவில் அண்ணை, 9:06
இப்போதுதான் அவவோடு கதைத்தேன். 40 மணித்தியாலம் போதாது என்று அவவே சொல்கிறா. தனக்கு மேலே ஒருவர் இருந்தால் நல்லது என்றா. நாங்கள் உள்ளே இருப்பது பற்றியும் கேட்டேன். 'நீங்கள் இருந்தால்தான் பிள்ளை என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கும்' என்றா. சனி காலை 9 மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நான், 9:08
நான் தம்பியையும் கூட்டி வருகிறேன். அண்ணை, உங்கள் ஒழுங்கையால் காலையில் பாண் ஓட்டோ எத்தனை மணிக்குப் போகும்?

கோண்டாவில் அண்ணை, 9:09
ஒன்பதேகாலுக்கு.

கோண்டாவில் அண்ணை, 9:09
சரி, பத்து மணிக்கு மாற்றுகிறேன்.