மறு: ‘ட்ரை சோல்டர்’ – பொய்ப்பற்று என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்பயிற்சிக்கான சொற்பட்டியலில் மற்றவை எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன. ‘ட்ரை சோல்டர்’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் இழுபறி: சோல்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகக் கலவை, வைத்தும் சரியாகப் பற்றாத இணைப்புக்கு என்ன பெயர் வைப்பது? வந்த கருத்துகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

> ‘உலர் இணைப்பு’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேராகப் பொருந்துகிறது.

சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, சரி. ஆனால் மாணவர் மனத்தில் என்ன படிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நான் சில காலம் ‘உலர் இணைப்பு’ என்றே சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி, “அப்படியென்றால் ஈயம் போதவில்லையா சார்?” என்று கேட்டுவிட்டு, பழுதான இணைப்பின் மேலேயே இன்னும் ஒரு சொட்டு வைத்தார். குமிழ் பெரிதானது, உள்ளே பழுது அப்படியே இருந்தது. அவர் மேல் தவறில்லை. உலர்ந்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதானே இயல்பு?

உண்மையில் நடப்பது வேறு. சோல்டரை முதலில் சோல்டரிங் அயனின் (சூடேற்றும் கருவியின்) நுனியில் உருக்கி, அதை அள்ளிக்கொண்டுபோய் இணைப்பில் தடவுவார்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு இது. சோல்டர் கம்பிக்குள் இருக்கிற, ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸ் வழியிலேயே புகையாகப் போய்விடும். போர்டில் உள்ள செம்பின் மேல் படிந்த ஆக்சைடை நீக்க ஆள் இல்லை. செம்பும் சூடேறியிருக்காது. விழுந்த சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். நல்ல இணைப்பில் அது பரவி, உறுப்பின் கம்பிக் காலைச் சுற்றிச் சரிவாக ஏறியிருக்கும்.

> பார்வைக்கு மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். ‘மங்கல் இணைப்பு’ எனலாமே?

ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்திருக்கும். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த சோல்டர் 183 டிகிரியில் உருகும், ஆறினால் பளபளக்கும். மங்கியிருந்தால் சந்தேகப்படலாம். இப்போது காரீயம் இல்லாத கலவைகள் பரவிவிட்டன. 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு கொண்ட கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். அதில் நல்ல இணைப்பே மங்கலாகத்தான் தெரியும். மங்கல் என்று பெயர் வைத்தால் நல்லதையெல்லாம் பிடுங்கிப் போடுவார்கள்.

அதனால் தோற்றத்தை விட்டுவிட்டு, இந்தப் பழுது என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். பற்றியது போலத் தெரியும், பற்றியிருக்காது. மல்டிமீட்டர் வைத்தால் ‘பீப்’ என்று சத்தமும் வரும். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது, லேசான தொடுகையே அதற்குப் போதும். கருவி சூடேறியதும் அல்லது கொஞ்சம் அதிர்ந்ததும் தொடர்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் குச்சியால் போர்டை மெல்ல அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். இதற்குப் பொய்ப்பற்று என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> ‘பொய்’ என்றால் வேலை செய்தவரைக் குற்றம் சொல்வதுபோல் இல்லையா?

அப்படி எனக்குப் படவில்லை. பொய்க்கால், பொய்த்தூக்கம் என்கிறோம். மழை பொய்த்தது என்கிறோம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதுதான் அங்கே பொருள். வினையாகவும் இது எளிதாக வருகிறது: “மூன்றாவது கால் பொய்த்திருக்கிறது, பார்.” ‘உலர் இணைப்பு’ இப்படி வாயில் புழங்காது. பட்டறையில் வாயில் நிற்காத சொல் பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

> ‘பற்று’ என்றால் வெல்டிங்கோடு குழம்பாதா? அதைத்தானே பற்றவைப்பு என்கிறோம்?

நல்ல கேள்வி. வெல்டிங்கில் பெரும்பாலும் இணையும் உலோகங்களே உருகிக் கலக்கும்; சோல்டரிங்கில் இடையில் வைப்பது மட்டும் உருகும். அந்த இடைப்பொருளுக்குப் பொற்கொல்லர்களிடம் பழைய சொல்லே இருக்கிறது: பற்றாசு (பற்று + ஆசு). யாப்பிலும் ஆசு உண்டு. ஆசிடை நேரிசை வெண்பாவில் முதற்குறளைத் தனிச்சொல்லோடு இணைக்க ஓரிரண்டு அசைகளைச் சேர்ப்பதற்கு அதுதான் பெயர். பட்டறைச் சொல் இலக்கணத்துக்குப் போயிருக்கிறது. நாம் அதைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவரலாம். காரீயம் இல்லாத கம்பியையும் ‘ஈயம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் சிக்கலும் இதனால் தீரும்.

அப்புறம் ஒன்று. பல ஆண்டுகள் ஓடிய கருவிகளில், சூடாகி ஆறி ஆறி, காலைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு விழும். அதையும் பழக்கத்தில் ட்ரை சோல்டர் என்றே சொல்கிறோம். அதைப் பொய்ப்பற்றில் சேர்க்க வேண்டாம் என்பேன். அது முதலில் உண்மையாகவே பற்றியிருந்தது. ‘வளைய வெடிப்பு’ என்று தனியாக வைக்கலாம்.

பட்டியலில் இப்படிப் போடலாமா, பாருங்கள்:

பொய்ப்பற்று: போதிய சூடின்மை, அழுக்கு, ஆறும்போது அசைவு ஆகியவற்றால் பற்றாசு உலோகத்தில் படராமல், பற்றியதுபோல் மட்டும் நிற்கும் இணைப்பு. வினை: பொய்த்தல். சரிசெய்ய: பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் இட்டு, காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கிப் புதிதாக வைக்கவும்.

ஃப்ளக்ஸுக்கு ‘இளக்கி’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஆக்சைடை நீக்கும் வேலை அதில் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. உலோக வேலை தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்து அதை எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.