டேஷ்போர்டைக் கழற்றி ஏசி பெட்டியை இறக்கியபோது

மதுரையிலிருந்து:

மூன்று வருடமாக ஏப்ரல் வந்தால் ஏசிக்கு கேஸ் நிரப்புவதே வேலையாக இருந்தது. ஒன்றரை மாதம் குளிரும், அப்புறம் வெறும் காற்றுதான். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்; கம்ப்ரஸர், கண்டென்சர், பைப் மூட்டு எதிலும் அது இல்லை. மிச்சம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். என் 12 வருடப் பழைய ஹேட்ச்பேக்கில் அதைத் தொட, ஹீட்டரும் சேர்ந்த மொத்தப் பெட்டியும் வெளியே வர வேண்டும்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதலில் கேஸ். சிலர் வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்த ஏசி கேஸ், ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும், தோலில் பீய்ச்சினால் உறைந்து புண்ணாகும். மெஷின் உள்ள கடையில் உறிஞ்சி எடுத்த பிறகே பைப்பைக் கழற்றினோம்.

பேட்டரி வயரை எடுத்ததும், “கால் மணி நேரம் எதையும் தொடாதே தம்பி” என்றார் அண்ணன். ஏர்பேக்கில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டுமாம். ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கப்ளர்களை அதற்கப்புறம்தான் பிரித்தார். ஓர் அட்டையில் டேஷ்போர்டை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். மாட்டும்போது ஒன்றுகூட மாறவில்லை.

ரேடியேட்டரை வடித்தாயிற்றே என்று பெட்டியைச் சாய்த்தேன். ஹீட்டர் காயிலில் நின்ற கூலன்ட் மொத்தமும் கார்பெட்டில் கொட்டியது. இரண்டு குழாய் வாயையும் துணியால் அடைத்துவிட்டு இறக்குங்கள்.

பெட்டியைப் பிளந்தால், காயில் மேல் வேப்பம்பூவும் இலைக்காம்பும் ஈரமாக அப்பிக் கிடந்தன. ஃபில்டர் இல்லாத மாடல், வண்டி நிற்பதோ வேப்பமரத்தடியில். அந்தச் சேற்றைச் சுரண்டியதும் கீழ் மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அலுமினியம் அங்கேதான் அரித்திருந்தது. புதுக் காயில், காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, மூட்டுகளின் ஓ-ரிங்குகள் மாற்றி, உள்ளிருந்த காற்றை 45 நிமிடம் வேக்கம் பிடித்து எடுத்துவிட்டு கேஸ் ஏற்றினோம். இரண்டாவது கோடையும் தாண்டிவிட்டது.

ஊட்டியிலிருந்து:

எனக்கு ஹீட்டர் காயில் போனது. உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பான மூடுபனி. இன்ஜின் பக்கம் ஹீட்டருக்குக் கூலன்ட் போய்வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரை ஒதுக்கிவிட்டு ஓட்டினேன். ஜனவரிக் குளிரில் முடியவில்லை, பெட்டியை இறக்கினோம். கூலிங் காயில் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் அதையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். டேஷ்போர்டை இன்னொரு தரம் கழற்ற எனக்குத் தெம்பில்லை.