புதுப்பிப்பு: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பித்தளைக் குழாய்

போன வாரம் எழுதியிருந்தேன். 88 வயதில் காலமான அப்பாவின் பெட்டியில், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் ஒரு முழ நீளப் பித்தளைக் குழாய் இருந்தது, என்னவென்று தெரியவில்லை என்று.

தெரிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த, அப்பாவோடு தீயணைப்புத் துறையில் வேலை பார்த்த பழைய சகா பார்த்ததுமே, "பிராஞ்ச்தானே தம்பி இது!" என்றார். தீயணைப்பு ஹோஸின் நுனியில் மாட்டுவது. வாய் குறுகக் குறுகத் தண்ணீர் வேகமெடுக்கும், பின்னால் உதைக்கும். அதனால் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் முதுகோடு ஒட்டி நின்று முட்டுக்கொடுப்பாராம். பெரும்பாலும் அப்பாதான் முன்னால்.

அரசாங்கச் சொத்து வீட்டில் எப்படி என்று எனக்கு உள்ளூரப் பயம். கேட்டதும் சிரித்தார். நெளிந்துபோய்க் கழிவு ஏலத்தில் விட்டதாம். அப்பா காசு கட்டி ரசீதும் வாங்கியிருக்கிறார். அவரல்லவா, சரிதான்.

1985-இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்களாம். அப்பா காக்கிச் சட்டையில் கருகிய காகித வாடையோடு வீட்டுக்கு வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. பழைய புத்தகக் கடைகள் நிறைந்த இடமாயிற்றே. அம்மா அந்தச் சட்டையை மூன்று முறை துவைத்தார்.

பெட்டியின் அடியில் அந்த ரசீதும் கிடைத்தது. குழாயை நேற்று புளி போட்டுத் தேய்த்தேன். நெளிவு மட்டும் அப்படியே இருக்கிறது.