டாட்சன் 280 இசட், முன்பக்க டி.சி. ராட் புஷ்: ரெண்டு பக்கமும் பாலி போடலாமா?

நியூஜெர்ஸி 77

வணக்கம் மக்களே. என்கிட்ட 1977 டாட்சன் 280 இசட் இருக்கு, போன வருஷம் வாங்கினது, காலேஜ் நாள்லேர்ந்து ஆசைப்பட்ட வண்டி. ரெண்டு மாசமா பிரேக் புடிச்சா முன்னாடி இடது பக்கம் கீழேர்ந்து டொக்குனு ஒரு சத்தம், ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது அதே சத்தம் இன்னும் பலமா வருது. வேகமா போயி பிரேக் அடிச்சா வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது. ஜாக் ஸ்டாண்ட்ல ஏத்திட்டு தம்பியை டயரை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி கீழ படுத்து பாத்தேன், டி.சி. ராட் (வீலை தாங்கற லோயர் ஆர்மை ஃப்ரேமோட இணைச்சு, வீல் முன்ன பின்ன போகாம புடிக்கற கம்பி) ஃப்ரேம்ல அது மாட்டியிருக்கற கப்புக்குள்ள நல்லாவே நகருது, பின்பக்க ரப்பர் பிஞ்சு உதிர்ந்து போயிருக்கு.

மாத்துறதுதான் மாத்துறோம்னு முன்பக்கத்துக்கு முழு பாலியூரித்தேன் (சுருக்கமா பாலி, ரப்பரை விட கெட்டியானது) புஷ் கிட் வாங்கிட்டேன், புஷ்னா மூட்டுல மெத்தை மாதிரி வர்ற வளையம், லோயர் ஆர்ம் உள் புஷ், டி.சி. ராட் புஷ், ஸ்வே பார் (திருப்பத்துல வண்டி சாயாம புடிக்கற கம்பி) புஷ் எல்லாம் அதுல இருக்கு. இப்போ ஒரு ஃப்ரெண்ட் டி.சி. ராட்ல பாலி போட்டா ராடே ஒடிஞ்சிடும்ங்கறார். உண்மையா? இன்னொன்னு, வலது பக்க நட் அசையவே மாட்டேங்குது. இங்க குளிர்காலத்துல ரோட்டுக்கு உப்பு போடுவாங்க, பழைய ஓனர் அதுலயும் ஓட்டியிருக்கார். என் பொண்ணை பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டற வண்டி, அதான் தப்பு பண்ணிடக் கூடாதுன்னு கேக்கறேன்.

எல்28 பிரியன்

ப்ரோ, உங்க ஃப்ரெண்ட் சொல்றது உண்மைதான், தயவுசெஞ்சு கப்புக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் பாலி போடாதீங்க.

நம்ம வண்டியில ராட் லோயர் ஆர்ம்லேர்ந்து பின்னாடி போகுது, ஃப்ரேம்ல இருக்கற கப்புக்கு முன்னாடி ஒரு புஷ், பின்னாடி ஒரு புஷ், கடைசியில நட். டயர் மேல கீழ போகும்போது ஆர்ம் ஒரு வட்டத்துல சுத்துது, ராட் வேற வட்டத்துல சுத்துது, அதனால ராடோட பின்முனை கப்புக்குள்ள கொஞ்சம் சாயணும், முறுக்கணும். ரப்பர் நசுங்கி அதுக்கு வழி விடும். பாலி விடாது. ரெண்டு பக்கமும் பாலி வெச்சு இறுக்கிட்டா ஒவ்வொரு பள்ளத்துலயும் சாயறதுக்கு பதிலா ராடே வளையுது, வளைஞ்சு வளைஞ்சு புஷ் உக்கார்ற இடத்துல விரிசல் விட்டு ஒருநாள் ஒடியும். அது பிரேக் அடிக்கும்போது ஒடிஞ்சா வீல் பின்னாடி போயி ஃபெண்டர்ல மோதும், யோசிச்சுக்கோங்க.

நம்ம ஆளுங்க ரொம்ப நாளா பண்றது முன்பக்கம் பாலி, பின்பக்கம் ரப்பர். பிரேக் புடிக்கும்போது ராட் பின்னாடி தள்ளுது, அந்த பாரம் முன் புஷ் மேலதான் விழும், அங்க பாலி இருந்தா பெடல் மிதிச்சதும் வண்டி நேரா நிக்கும். பின் புஷ் மேல பாரம் விழறது ரிவர்ஸ்ல பிரேக் புடிக்கும்போதுதான், உங்களுக்கு ரிவர்ஸ்ல சத்தம் அதிகமா வர்றதுக்கு காரணமும் அந்த பிஞ்ச ரப்பர்தான்.

சான் ஹோசே 240

நான் இதுல கொஞ்சம் மாறுபடறேன். ரோட்ல மட்டும் ஓட்டற வண்டின்னா டி.சி. ராட்ல நாலு புஷ்ஷும் புது ரப்பரே போடுங்க. என் 240 இசட்ல பாலி, ரப்பர் கலந்து போட்டு மூணு வருஷம் ஓட்டினேன், தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ரோட்ல இருக்கற ஒவ்வொரு ஒட்டும் ஸ்டியரிங்ல அடிச்சுது. ரப்பருக்கு திரும்பினப்புறம்தான் இந்த வண்டி எவ்ளோ இதமானதுன்னு புரிஞ்சுது. லோயர் ஆர்ம் உள் புஷ்ஷுக்கு பாலி தாராளமா போடலாம், அது கதவு கீல் மாதிரி ஒரே அச்சுலதான் சுத்தும். கிட்டோட வர்ற கிரீஸை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம தடவுங்க, இல்லன்னா கீச் கீச்னு கத்தும்.

பட்டறை அண்ணன்

தம்பி, வேலை எப்படி பண்றதுன்னு யாரும் சொல்லல, அதை சொல்றேன்.

ராட் ஆர்ம்ல ரெண்டு போல்ட்ல மாட்டியிருக்கும்போதே பின் நட்டை கழட்டுங்க, ஆர்ம்லேர்ந்து முதல்ல எடுத்துட்டா நட்டோட சேந்து ராடும் சுத்தும். மொத நாள் ராத்திரியே கம்பி பிரஷ்ஷால மரையை தேச்சுட்டு பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க, காலையில இன்னொரு தடவை. அப்பவும் வரலன்னா நட்டை மட்டும் கேஸ் டார்ச்ல சூடு பண்ணுங்க, பக்கத்துல பிரேக் ஹோஸ் இருக்கு, பழைய ரப்பரும் தீ புடிக்கும், தண்ணி பாட்டில் கையில இருக்கணும். ஸ்வே பார் லிங்க்கை கழட்டி விட்டாதான் ஆர்ம் ஃப்ரீயா இறங்கும்.

மாட்டும்போது முன் வாஷரும் புஷ்ஷும் ராட்ல கோத்து கப்புல நுழைச்சு, பின் புஷ், வாஷர், நட்டை சும்மா நாலு சுத்து மட்டும் ஏத்துங்க. அப்புறம் ஆர்ம் போல்ட். ஓட்டை ரெண்டும் நேரா வராது, ராட்செட் ஸ்ட்ராப் போட்டு ஆர்மை இழுங்க, சுத்தியலால அடிக்காதீங்க. கடைசி இறுக்கம் வண்டியை இறக்கி டயர் மேல பாரம் வந்தப்புறம்தான், மேனுவல்ல இருக்கற டார்க் அளவுக்கு. உள் புஷ் ரப்பரா வெச்சா அந்த போல்ட்டுக்கும் இதே கதைதான், வீல் தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். பாலின்னா அந்த கவலை இல்ல.

ரொம்ப முக்கியம், ராடை எடுத்ததும் கப்பை பாருங்க. உப்பு ரோட் வண்டியில கப்பும் அது ஒட்டியிருக்கற ஃப்ரேமும் உள்ளேர்ந்து துரு தின்னிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க, உள்ள போச்சுன்னா புஷ் வேலையை நிறுத்திட்டு வெல்டரை கூப்பிடுங்க.

நியூஜெர்ஸி 77

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை முடிச்சேன். வலது நட் ரெண்டாவது தடவை சூடு பண்ணினதும் வந்துடுச்சு, மரை நல்லாருக்கு. முன்பக்கம் பாலி, பின்பக்கம் ரப்பர் போட்டேன், சான் ஹோசே அண்ணா கோச்சுக்காதீங்க, அடி ஜாஸ்தியா தெரிஞ்சா ரப்பருக்கு மாறிடறேன். இடது கப்பு கெட்டியா இருக்கு, வலது கப்போட வெல்ட் ஓரத்துல ஒரு இன்ச்சுக்கு விரிசல் இருந்துது, அண்ணன் சொல்லலன்னா பாத்திருக்கவே மாட்டேன், அதை வெல்ட் வெச்சப்புறம்தான் வெளிய எடுத்தேன். சத்தம் சுத்தமா போச்சு. இழுக்கறது மட்டும் இன்னும் லேசா இருக்கு, இதுக்கு அலைன்மென்ட் போதுமா?

எல்28 பிரியன்

டோ (மேலேர்ந்து பாத்தா முன் வீல் உள்ள வெளிய திரும்பியிருக்கற அளவு) மட்டும்தான் செட் பண்ண முடியும், இந்த வண்டியில காஸ்டர் (ஸ்டியரிங் சுத்தற அச்சு முன்ன பின்ன சாஞ்சிருக்கற கோணம்), கேம்பருக்கு (வீல் மேல்பக்கம் உள்ள வெளிய சாஞ்சிருக்கற கோணம்) கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஆனா காஸ்டரை அளந்து ரெண்டு பக்க நம்பரையும் எழுதி வாங்குங்க. முன் வாஷர், புஷ் கனம் ஒரு பக்கம் மாறியிருந்தா ஆர்ம் முன்ன பின்ன போயி காஸ்டர் வித்தியாசம் வரும், காஸ்டர் கம்மியா இருக்கற பக்கம் வண்டி இழுக்கும். நம்பர் வந்ததும் இங்க போடுங்க.