ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினி: பச்சைத் திரையில் 64 சிவப்புக் கோடுகள், பழுது எங்கே?

கேள்வி – ஏற்காட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா 1985-இல் லண்டனிலிருந்து கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினி ஒன்று எங்கள் ஏற்காட்டு வீட்டு மர பீரோவில் பல வருடங்களாகத் துணி சுற்றியபடியே இருந்தது. நான் முதன்முதலாக பேசிக் நிரல் எழுதியது அதில்தான். சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அதை ஓடவைத்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

டிவியில் 36-ஆம் சேனலுக்கு ட்யூன் செய்ததும் படம் தெளிவாகவே வருகிறது. ஆனால் வழக்கமாக வரும் '1982 சின்க்ளேர் ரிசர்ச்' என்ற வரி வரவில்லை. திரையின் ஓரச்சட்டம் அசையாமல் வெள்ளையாக நிற்கிறது. நடுப்பகுதி முழுவதும் பச்சை. அதன்மேல் மேலிருந்து கீழாக மெல்லிய சிவப்புக் கோடுகள். ஸ்கேலை வைத்து எண்ணிப் பார்த்தேன்: சம இடைவெளியில் 64 கோடுகள் இருக்கின்றன. மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி மாறிவிட்டு மறுபடியும் இதே காட்சிதான்.

அடாப்டரைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய அடாப்டர் தொலைந்துவிட்டதால், வீட்டில் இருந்த வேறொரு 9 வோல்ட் அடாப்டரை என் தம்பி ஒருமுறை செருகிப் பார்த்தான். அப்போது திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகுதான் முனை மாறியிருப்பது தெரிந்து, சரியான அடாப்டர் வாங்கினோம். இங்குள்ள ஒரு டிவி மெக்கானிக், படத்தை உருவாக்கும் யூ.எல்.ஏ. சிப்பே போய்விட்டது, இனிக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அது உண்மைதானா?

மறுமொழி – ஆத்தூர் நண்பர்

ஸ்பெக்ட்ரமின் அடாப்டரில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின்; நம் ஊரில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. தலைகீழாகச் செருகினால் முதலில் அடிபடுவது டி.ஆர். 4 என்ற டிரான்சிஸ்டர். உள்ளே 12 வோல்ட்டும் எதிர்மின் 5 வோல்ட்டும் உண்டாக்குகிற சிறு சுற்றில் இருப்பது அதுதான். எதற்கும் முன்னால் அந்த மின்னழுத்தங்களை அளந்துவிடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

மறுமொழி – சூரமங்கலம் ரிப்பேர்காரர்

சகோதரிக்கு வணக்கம். கோடுகளை எண்ணிச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. அந்த எண்ணிக்கையிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஓரச்சட்டம். அது ரேம் என்ற வேலை நினைவகத்திலிருந்து வருவதில்லை. இசட் 80 செயலி, ரோம் என்ற அழியாத நினைவகச் சிப்பில் உள்ள தொடக்க நிரலைப் படித்து, 254-ஆம் போர்ட் என்ற வெளியீட்டு முகவரிக்கு 7 என்ற எண்ணை அனுப்பினால்தான் யூ.எல்.ஏ. அந்தச் சட்டத்தை வெள்ளையாக்கும். ஆகவே, சட்டம் வெள்ளையாக அசையாமல் நிற்கிறது என்றால் செயலி ஓடுகிறது, ரோம் படிக்கப்படுகிறது, யூ.எல்.ஏ. படத்தை உருவாக்குகிறது, படத்தை டிவி அலையாக மாற்றும் மாடுலேட்டரும் டிவியும் அதைச் சரியாகக் காட்டுகின்றன என்றுதான் பொருள். யூ.எல்.ஏ. போய்விட்டது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அடுத்தது நடுப்பகுதி. தொடக்க நிரல் ரேம் முழுவதிலும் 2 என்ற எண்ணை நிரப்பிவிட்டு, பிறகு ஒவ்வொரு பைட்டாக (எட்டு பிட் கொண்ட நினைவக அறை) அதை இருமுறை ஒன்று குறைத்து, பூஜ்யத்துக்கு வருகிறதா என்று சோதிக்கும். நல்ல இயந்திரத்தில் இது ஓரிரு நொடிக் காட்சி: கறுப்புத் தரை (பின்னணி), அதில் 32 சிவப்புக் கோடுகள். திரையின் ஒவ்வொரு வரியும் 32 பைட். ஒவ்வொரு பைட்டிலும் 2 என்றால் எட்டுப் புள்ளிகளில் ஏழாவது மட்டும் எரியும். நிறத்தைச் சொல்லும் பைட்டிலும் அதே 2 இருப்பதால் எழுத்து சிவப்பு, தரை கறுப்பு.

உங்கள் திரையிலோ கோடுகள் இரு மடங்கு, தரை பச்சை. பைட்டில் 2 இருக்க வேண்டிய இடத்தில் 34 இருந்தால் இரண்டும் ஒன்றாக விளங்கிவிடும். 34 என்பது 32-ம் 2-ம் சேர்ந்தது. அதாவது, வலக்கோடியிலிருந்து பூஜ்யம் என்று தொடங்கி எண்ணினால், 5-ஆம் பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது. அந்தப் பிட் படத்தில் மூன்றாவது புள்ளியை எரியவைக்கிறது. மூன்றுக்கும் ஏழுக்கும் இடைவெளி நான்கு புள்ளிகள் என்பதால்தான் 64 கோடுகளும் சம தூரத்தில் தெரிகின்றன. நிற பைட்டில் அதே பிட்தான் தரையின் பச்சை. ஒரே பிட் இரண்டு இடத்திலும் தன் முகத்தைக் காட்டியிருக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு சிறு வேலை சொல்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து, பச்சைப் பகுதியின் இடது மேல் மூலையைப் பாருங்கள். சோதனை முதல் பைட்டிலேயே தோற்றிருந்தால், அந்த ஒரு பைட் மட்டும் 34-இலிருந்து 32-க்குக் குறைந்திருக்கும். எனவே இடமிருந்து இரண்டாவது கோட்டின் உச்சியில் ஒரே ஒரு புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும்.

படத்துக்கான கீழ் 16கே ரேம், பிட்டுக்கு ஒன்றாக எட்டு 4116 சிப்புகள், பலகையில் ஐ.சி. 6 முதல் 13 வரை. ஐ.சி. 6 என்பது பூஜ்யம் பிட், அங்கிருந்து எண்ணினால் 5-ஆம் பிட் ஐ.சி. 11. ஆனாலும் ஆத்தூர் நண்பர் சொன்ன அளவீட்டை முதலில் செய்யுங்கள். 4116-இன் 1-ஆம் காலில் எதிர்மின் 5, 8-ஆம் காலில் 12, 9-ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். பூமி 16-ஆம் கால். எதிர்மின் 5 வராமல் 12 மட்டும் வந்துகொண்டிருந்தால், புதிய சிப் போட்டாலும் அதுவும் பாழாகும். எட்டுச் சிப்பில் ஒன்று மட்டும் கெட்டிருக்கும்போது கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றுவது இப்போதைக்குத் தேவையில்லை. ஒரு பழுதைத் தேடும்போது பலகையில் பத்து இடத்தில் கைவைத்தால், புதிதாக வந்த பழுது எது, பழையது எது என்று தெரியாமல் போய்விடும்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ரேம் சிப்பிலும் 14-ஆம் காலுக்கும் 9-ஆம் காலுக்கும் இடையே மின்தடையை அளந்து எட்டையும் ஒப்பிடுங்கள். யூ.எல்.ஏ. சாக்கெட்டில்தான் இருக்கும், அதை மெல்ல எடுத்துவிட்டு இன்னொரு முறையும் அளக்க வேண்டும். இரண்டு முறையும் ஐ.சி. 11 மட்டும் வேறுபட்டால் குற்றவாளி அந்தச் சிப்தான், யூ.எல்.ஏ.வை எடுத்ததும் வேறுபாடு மறைந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

ஏற்காட்டு வாசகி

ஐயா, அந்தப் புள்ளி இல்லை! இரண்டாவது கோடு மட்டும் ஒரு புள்ளி கீழிருந்து தொடங்குகிறது. சொல்லாவிட்டால் நான் ஒருபோதும் கவனித்திருக்க மாட்டேன்.

மின்னழுத்தம் மூன்றும் சரியாக உள்ளன: 5.0, 11.8, எதிர்மின் 4.9. மின்தடை ஏழு சிப்புகளில் சில ஆயிரம் ஓம்; ஐ.சி. 11-இல் மட்டும் 38 ஓம். யூ.எல்.ஏ.வை எடுத்த பிறகும் அதே 38. இங்கே ஆடியிலிருந்து மார்கழி வரை பனியும் ஈரமும் ஆயிற்றே, யூ.எல்.ஏ.வின் கால்கள் கறுத்துப் போயிருந்தன. ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். ஒரு சந்தேகம்: 5-ஆம் பிட் இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் செயலி ரோமை எப்படிச் சரியாகப் படிக்கிறது? இரண்டுக்கும் தரவுக் கம்பி ஒன்றுதானே?

சூரமங்கலம் ரிப்பேர்காரர்

நல்ல கேள்வி. கீழ் ரேமும் யூ.எல்.ஏ.வும் ஒரு பக்கம், செயலியும் ரோமும் மறுபக்கம். இடையே ஒவ்வொரு தரவுக் கம்பிக்கும் ஒரு 470 ஓம் மின்தடை இருக்கிறது. செயலி ரோமைப் படிக்கும் அதே நேரத்தில் யூ.எல்.ஏ. ரேமிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தத் தடை நடுவில் நிற்பதால்தான் 11-ஆம் சிப்பின் கோளாறு செயலியின் பக்கம் தாண்டவில்லை. உங்கள் வெள்ளைச் சட்டத்துக்குக் காரணமும் அதுவே.

மறுமொழி – செவ்வாய்பேட்டை வாசகர்

சிப்பைக் கழற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தப் பலகைகளில் செப்புத்தடம் மிக மெல்லியது; பதினாறு கால்களையும் ஒருசேரச் சூடாக்கி இழுத்தால் தடம் உரிந்து கையோடு வந்துவிடும். சிப் கெட்டது என்று முடிவாகிவிட்டதால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். நுனிக் கட்டரால் கால்களை உடலை ஒட்டி நறுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி இடுக்கியால் எடுங்கள். துளைகளைச் சுத்தம் செய்ததும் நேராகச் சிப்பைப் பற்றவைக்காமல் 16 கால் சாக்கெட் ஒன்றை வையுங்கள். என்னிடம் ஒரு பழைய பலகையிலிருந்து கழற்றிச் சோதித்த 4116 சிப்புகள் நான்கு இருக்கின்றன. மலைக்குப் போகும் பேருந்தில் தெரிந்த நடத்துநர் இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

ஏற்காட்டு வாசகி

செவ்வாய்பேட்டை அண்ணன் அனுப்பிய இரண்டு சிப்புகளும் வியாழக்கிழமை மாலையே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பத்திரமாக வந்துசேர்ந்தன. நறுக்கி எடுப்பதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தடமும் உரியவில்லை.

சாக்கெட்டில் முதல் சிப்பைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். கறுப்புத் தரை, சிவப்புக் கோடுகள். அந்த ஒரு நொடிக்குள் எண்ண முடியவில்லை, ஆனால் முன்னைவிட அகலமான இடைவெளி. உடனே திரை வெளுத்து, அடியில் அந்த வரி வந்துவிட்டது. சித்தப்பா சொல்லிக்கொடுத்த இரண்டு வரி நிரலை அடித்துப் பார்த்தேன். என் பெயர் திரை நிறைய ஓடியது. சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. விசைப்பலகையின் உள்தாள் வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி இடுகிறேன். மீதமிருக்கும் இன்னொரு சிப்பைத் திருப்பி அனுப்பட்டுமா, அண்ணா?

செவ்வாய்பேட்டை வாசகர்

வேண்டாம் அம்மா, உங்களிடமே இருக்கட்டும். அடாப்டரின் மேல் மட்டும் 'ஸ்பெக்ட்ரமுக்கு' என்று எழுதி ஒட்டிவையுங்கள்.